நாலு மணிக்கு அழியும் நாலு வரி

"நாளைக்கு வரட்டும் அந்தப் பய. பக்கத்தைப் பூட்டிட்டேன்" என்றார் மருந்துக்கடைக்காரர், கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமலே.

மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "யாரு, திருடனா?"

"திருடனே தேவலை. இவன் சரித்திரத்தை அழிக்கறவன்."

கடை அவருக்குப் பாதி உயிர் என்றால் போர் வரலாற்றுத் தளம் மீதி உயிர். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத முப்பது பேர் சேர்ந்து இணையத்தில் எழுதி வளர்க்கும் தளம் அது. எந்தச் சண்டை, எந்தப் படை, யார் யார் இறந்தார்கள் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். ஆனால் எழுதினால் ஆதாரம் காட்ட வேண்டும்; அழித்தால் 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். இந்த இரண்டிலும் நிர்வாகியான நம்மவர் படு கறார். ஏழு வருஷத்தில் உண்மையான தகவல் ஒன்றில்கூடத் தான் கை வைத்ததில்லை என்று பெருமை வேறு. மனைவி அதை நூறு தடவை கேட்டாயிற்று.

இப்போது தகராறு பாலத்துச் சண்டைப் பக்கத்தில். அடிபட்ட சிப்பாய் ஒருவர் பாலத்தடியில் பதினோரு மணி நேரம் கிடந்தார். "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வண்டி அனுப்ப மேலிடம் மறுத்துவிட்டது. விடியும்போது இறந்தார். மொத்தம் நாலு வரி. கூட இருந்த சிப்பாயின் வாக்குமூலம் ஆதாரமாக இருந்தது.

ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்கு அந்த நாலு வரியும் காணாமல் போகும். அழித்தவர் பெயர் இருக்காது. காரணக் கட்டம் காலியாக இருக்கும். 'காவலாளி' என்ற பெயரில் எழுதும் உறுப்பினர் ஒருவர் நாலரைக்கெல்லாம் அதைத் திரும்பப் போட்டுவிடுவார்.

"வண்டி அனுப்பாத மேலிடத்து ஆளாத்தான் இருக்கும். காரணம் எழுதக்கூடத் துப்பில்லாத கோழை! அந்தக் காவலாளி மட்டும் இல்லேன்னா நம்ம மானம் சந்தி சிரிச்சிருக்கும். புண்ணியவான்!"

"சரி, பூட்டியாச்சுல்ல? சாப்பிட வாங்க."

இனி நிர்வாகியைத் தவிர யாரும் அந்தப் பக்கத்தைத் தொட முடியாது. அன்று அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மறுநாள் நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடை போன் அடித்தது.

"சார், நான் காவலாளி பேசறேன். தளத்துல உங்க நம்பர் இருந்துச்சு."

பெண் குரல்! அவர் சுதாரித்துக்கொண்டார். "சொல்லுங்கம்மா. பக்கத்தைப் பூட்டிட்டேன். இனி நீங்க காவல் காக்க வேண்டியதே இல்ல."

"கொஞ்சம் திறந்து விடுங்க சார். அழிக்கறதும் நான்தான்."

"என்னம்மா சொல்றீங்க?"

"அந்தச் சிப்பாய் என் வீட்டுக்காரர். மாமியார் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நாலு மணிக்கு அந்தப் பக்கத்தைப் படிப்பாங்க. ஒரே குண்டு, வலியே தெரியாமப் போயிட்டார்னு சொல்லி வச்சிருக்கேன். அவர் அம்மான்னு கூப்பிட்டுக்கிட்டே கிடந்தது தெரிஞ்சா தாங்க மாட்டாங்க."

"அந்த வரிகளை விட்டுட்டு அச்செடுத்துக் குடுக்கலாமே?"

"குடுத்தேன். 'இது நீ கொண்டாந்த காகிதம். உலகமே பார்க்கற இடத்துல என் பிள்ளை பேர் இருக்கான்னுதான் நான் பார்க்கணும்'னுட்டாங்க."

"அப்ப ஒரேயடியா அழிச்சிட வேண்டியதுதானே? எதுக்குத் திரும்பப் போடறீங்க?"

"அது எப்படி சார்? வண்டி ஏன் அனுப்பலைன்னு என்னைக்காவது ஒருத்தர் கேட்க வேணாமா? அதை அங்கே முதல்ல எழுதினதே நான்தான்."

வாராவாரம் அந்த நாலு வரியைத் தன் கையாலேயே எடுத்து, தன் கையாலேயே வைத்திருக்கிறாள். இருந்தாலும் ஏழு வருஷப் பழக்கம் விடுமா?

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே. ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமேம்மா?"

"என்னன்னு சார் எழுதறது?"

போனில் தூரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. "அம்மாடி, மணி நாலாகப் போகுதே. கண்ணாடி போட்டுக்கிட்டேன். திறக்கறியா?"

"இதோ வரேன் அத்தை" என்றவள், குரலைத் தாழ்த்தி "சார்..." என்றாள்.

திங்கட்கிழமை காலை குழுவே கொதித்தது.

"பூட்டின பக்கத்துலயே கை வச்சிருக்கான்! நாலு மணிக்கு அழிச்சு, நாலரைக்குத் திரும்பப் போட்டிருக்கு. எவன்னு பாருங்கப்பா!" என்று எழுதியிருந்தார் உறுப்பினரான பஸ் டிரைவர்.

பார்த்தார்கள். இந்தத் தடவை அழித்தவர் பெயர் இருந்தது: நிர்வாகி.

காரணக் கட்டமும் காலியாக இல்லை.

'அம்மா படிக்கறாங்க.'