மாமா விட்டுப்போன கூடு

காக்கைக் கூட்டில் ஒரு குயில்குஞ்சு இருந்தது. கூவினால் அம்மா விரட்டிவிடுவாளோ என்று குரலை அடக்கியே வளர்ந்தது.

ஒருநாள், முள்மரத்தில் ஏற முடியாத சாரைப்பாம்பு கீழிருந்து சேதி சொன்னது.

“மதிப்புக்குரிய வாரிசே! உம் சொந்த மாமா, மலைநாட்டுக் குயில், காலமானார். அவர் கட்டிய கூடு நிறைய அத்திப்பழம். எல்லாம் உமக்கே. கட்டணமாக, பக்கத்திலிருக்கும் முட்டையை உருட்டிவிடும். காக்கையிடம் மூச்சு விடாதீர்.”

சொந்தம் என்றதும் குஞ்சு உருகிப்போனது. முட்டையைத் தள்ளப்போகையில் காக்கை வந்துவிட்டது. குஞ்சு எல்லாவற்றையும் கொட்டிவிட்டது.

“அட மக்கு! எந்தக் குயில்டா கூடு கட்டியிருக்கு?”

பாம்பு நழுவியது.

“நான் குயில்னு உனக்குத் தெரியுமாம்மா?”

“முட்டையிலேயே தெரியும். வாயைத் திற, புழு நெளியுது.”