தொடைநடுங்கி

கவாத்துக் கத்தியின் முனை பின்கழுத்தில் அழுந்தியதும் அய்யாசாமி ஆக்சிலேட்டரை மிதித்தார். டாக்சி ஊருக்கே கேட்கும்படி உறுமியது. ஆனால் மேட்டில் ஏறத்தான் மாட்டேன் என்றது.

“என்னய்யா வண்டி இது? சவ வண்டி மாதிரி போவுது!” பின்சீட்டிலிருந்து மாடசாமி கத்தினான்.

“மேடு தம்பி... கொஞ்சம் பொறுங்க.”

“பொறுக்கவா? அங்க பஸ் கெளம்பிரும்யா!” கத்தி இன்னும் கொஞ்சம் அழுந்தியது. அய்யாசாமியின் சட்டைக் காலருக்குள் ரத்தம் இறங்கியது.

மாடசாமிக்குக் காலையிலிருந்தே உடம்பெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. தங்கச்சி சீதா, வேற்றுச் சாதிக்காரன் வேலப்பனோடு ஓடிவிட்டாள். இருவரும் பிரிஞ்சாங் டவுனில் தாப்பா போகும் பஸ்ஸுக்கு நிற்பதாகத் தோட்டத்துக் கடையில் யாரோ சொன்னதுதான் தாமதம், தேயிலை வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டான். தம்பி கந்தன் கையில் சைக்கிள் செயின். இரண்டு பேரையும் வெட்டிப் போட்டுவிட்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்பது என்று தீர்மானம்.

கோலா தெர்லா கடைத்தெருவில் அந்த நேரத்துக்கு நின்றிருந்தது அய்யாசாமியின் பழைய டீசல் டாக்சி ஒன்றுதான். “கூடப் பொறந்த புள்ளைய வெட்டுற பாவம் எதுக்குத் தம்பி?” என்று அவர் கேட்டதற்குக் கந்தன் செயினாலேயே பதில் சொன்னான். உதடு கிழிந்து, முன்பல் ஒன்று தெறித்தது. வாயைத் துடைத்துக்கொண்டு மனிதர் வண்டியை எடுத்தார்.

வண்டிக்குள் கருகல் வாடை அடித்தது. மாடசாமி மூக்கை உறிஞ்சினான். காய்கறி லாரியில் சாமான் ஏற்றி இறக்கும் கெலிண்டானாக வருஷக்கணக்கில் டிரைவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவன் அவன். ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லையே தவிர, வண்டிக்கு வரும் சீக்கெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

“இஞ்சின் கத்துது, வண்டி நகரல. கருகுன நாத்தம் வேற. யோவ், கிளட்ச் தேஞ்சுபோச்சா?”

“ஆமா தம்பி. எப்பவோ மாத்தியிருக்கணும்.”

“பொய் சொன்னே, இங்கயே வெட்டிருவேன். நிறுத்து வண்டிய! ஹேண்ட்பிரேக்க இழு. மேல் கியரப் போட்டுக் கிளட்ச்ச விடு. நல்ல கிளட்ச்சா இருந்தா இஞ்சின் சட்டுனு அடங்கிரும்.”

அய்யாசாமி பிரேக்கை இழுத்தார். ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்த கியர்க் கம்பியைத் தள்ளினார். “விட்டுட்டேன் தம்பி,” என்றார்.

இஞ்சின் அடங்கவில்லை. கொஞ்சம் திணறிவிட்டுத் தன் பாட்டுக்கு ஓடியது. கருகல் புகை கண்ணைக் கரித்தது.

“பாத்தியாடா? பிளேட்டு சுத்தமா வழுக்குது. நான் சொன்னா தப்புமா?” அந்தக் கொலைவெறியிலும் மாடசாமிக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தில் ஒரு பெருமை.

முன்சீட்டில் இருந்த கந்தன் இளித்தான். “அண்ணே, இங்க பாரேன். கெழவனுக்கு இடது தொடை என்னா ஆட்டம் ஆடுது!”

குளிருக்காக மடியில் போட்டிருந்த கம்பளிக்கு அடியில், அய்யாசாமியின் இடது தொடை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

“தொடைநடுங்கிப் பய!” மாடசாமி அவர் பிடரியில் ஓங்கி அறைந்தான். நெற்றி ஸ்டீயரிங்கில் மோதிப் புடைத்தது. கிழவர் மறுபடி வண்டியை உறுமவிட்டார்.

ஊர்ந்து ஊர்ந்து வந்த வண்டி, கடைசி மேட்டுக்குப் பாதியில் அடியோடு நின்றுவிட்டது. அந்த உச்சியைத் தாண்டினால் பிரிஞ்சாங் வரை இறக்கம்தான். தூறலில் நனையும் தேயிலையைத் தவிர அங்கே ஒரு ஈ காக்கை இல்லை, வேறு வண்டியும் வரக் காணோம். சீதா பஸ்ஸேறி அந்தப் பயல் பக்கத்தில் உட்காருவது மாடசாமியின் கண்ணுக்குள்ளேயே வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு முன்சீட்டின் முதுகைக் கத்தியால் கிழித்தான்.

“பாரத்தக் கொறைச்சா ஏறிரும். எறங்குடா, தள்ளுவோம்!”

கந்தன் தயங்கினான். “நாம எறங்குனா கெழவன் ஓடிருவான்லா, அண்ணே.”

“இந்தக் கிளட்ச்ச வச்சுக்கிட்டா? இந்த மேட்டுலயா?” மாடசாமி காறித் துப்பினான். “ஓடச் சொல்லு. நடந்தே போய்க் கழுத்தச் சீவுறேன்.”

கத்தியைப் பிடித்த கையோடு வண்டி தள்ள முடியுமா? கத்தியும் செயினும் பின்சீட்டில் விழுந்தன. அண்ணனும் தம்பியும் டாக்சிக்குப் பின்னால் போய்க் குனிந்து தோளைக் கொடுத்தார்கள்.

“ஒண்ணு... ரெண்டு... தள்ளு!”

தள்ளினார்கள். தோளுக்கு எதிரே வண்டி இல்லை. முகங்குப்புறத் தார் ரோட்டில் விழுந்ததில் மாடசாமியின் தாடை பிளந்தது. கந்தன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஊளையிட்டான்.

தலையைத் தூக்கிப் பார்த்தால், டாக்சி மேட்டில் கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருந்தது. மாடசாமி கெட்ட வார்த்தையில் கத்திக்கொண்டே ஓடினான். எங்கே எட்டுவது? மூச்சு வாங்கி நின்றுவிட்டான்.

உச்சிக்குப் போனதும் வண்டி நின்றது. ரத்தம் வழியும் முகம் ஒன்று ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்து, பல் போன வாயால் சிரித்தது.

“கிளட்ச் போவல தம்பி, போன வாரம்தான்லா புதுசு போட்டேன்! வழியெல்லாம் அதப் பாதி மிதிச்சே வச்சு என் இடது காலுதான் போச்சு!”