பொம்மைக்குப் பக்கத்தில் அப்பா

“எங்கப்பாவுக்குப் பதிலா நீங்க போய் அங்க நில்லுங்க சார்.”

முதலாளியிடம் வாயைத் திறக்காதே என்று சொல்லித்தான் வளர்த்தார், கம்பெனி வாட்ச்மேனான அப்பா. இன்று அவருக்கே சிப்பாய் உடை மாட்டி, மைதானத்தில் எதிரி பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். போர் ட்ரோன் பொம்மையை மட்டும் சுடுமாம். ட்ரோன் வாங்க வந்தவர்கள் கைதட்டுவார்களாம்.

“அது தப்பே பண்ணாதும்மா!”

“அப்புறம் ஏன் சார் வேர்க்குது?”

“எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு!”

“அவருக்கு நான் என்ன கொசுறா?”

மைதானத்திலிருந்து அப்பா சிரித்தபடி கத்தினார். “பயப்படாதே பாப்பா! நீ செஞ்ச மிஷினு என்னைச் சுடுமா?”

“நான் செஞ்சதாலதான் சொல்றேன், வாங்கப்பா!”

அவர் கையைப் பிடித்து வெளியே நடந்தேன். ட்ரோனின் பேட்டரி காலையிலிருந்தே என் பையில்தான் இருந்தது.