மாட்டுக்கு என்ன செய்யுது?

மாட்டுக்கு ஒரு நோயும் இல்லை. மாட்டைப் பற்றி எதுவும் தெரியாத நர்ஸுக்கே அது புரிந்தது. கொட்டகை நிழலில் படுத்து, கண்ணைப் பாதி மூடி, சுகமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

மாட்டு டாக்டரோ அதன் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு, சாவகாசமாக உட்கார்ந்துவிட்டார்.

நர்ஸ் அந்த ஊருக்கு வந்தது மனசு சரியில்லாதவர்களைப் பார்க்க. வாராவாரம் பொதுக்கூடத்தில் நாற்காலி போட்டுக் காத்திருப்பாள். ஈ காக்கா எட்டிப் பார்க்காது. அங்கே போய் உட்கார்ந்தால் பைத்தியம் என்று பட்டம் கட்டிவிடுவார்களே என்று எல்லோருக்கும் பயம். எதிரே மாட்டு ஆஸ்பத்திரியில் மட்டும் எப்போதும் கூட்டம்.

மாட்டுக்குப் படுகிற கவலையை மனுஷன் தனக்குப் பட மாட்டானா என்று அன்று அவள் அலுத்துக்கொண்டாள். அதைக் கேட்ட டாக்டர்தான், ஒரு மாட்டைப் பார்த்துவிட்டு வரலாம் வாருங்கள் என்று ஸ்கூட்டரில் அழைத்து வந்தார்.

மாட்டுக்குச் சொந்தக்காரர் ஒரு பால்காரர். பெண்சாதி இறந்து வருஷம் திரும்பவில்லை. பிள்ளைகுட்டி கிடையாது. மாடு சரியில்லை, வந்து பாருங்கள் என்று அடிக்கடி டாக்டருக்குச் சொல்லி அனுப்புகிறவர்.

"சாப்பிடுதா?" என்று ஆரம்பித்தார் டாக்டர்.

"வெச்சா சாப்பிடுது. ருசி தெரியல போல."

"தூக்கம்?"

"கோழி கூவுறதுக்கு முன்னாடியே முழிச்சிக்குது டாக்டர். அப்புறம் புரண்டு புரண்டு படுக்குது."

மாடு காதை ஆட்டி ஈ ஓட்டியது.

"வேற என்ன செய்யுது?"

பால்காரர் தெருப்பக்கம் பார்த்தார். "வாசப் படல் திறக்குற சத்தம் கேட்டா தலையைத் தூக்கிப் பாக்குது. அவதான் வந்துட்டாளோன்னு."

டாக்டர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். நர்ஸுக்குக் கோபமாக வந்தது. நல்ல மாட்டைக் காட்டி ஒரு அப்பாவி மனுஷனை இப்படியா ஏமாற்றுவது?

"மருந்து வேணாம்" என்றார் டாக்டர். "தனியா மட்டும் விட்டுடாதீங்க. சாயங்காலம் குளத்துப் பக்கம் ஓட்டிட்டுப் போங்க. நாலு பேர் மாடு கொண்டுவர்ற இடம். நேரமானாலும் பரவால்ல, இருந்து பேசிட்டு வாங்க. இந்தம்மாவும் இனிமே மாட்டைப் பார்க்க வருவாங்க."

நர்ஸுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. நோயாளி யாரென்று புரிந்ததும் கோபம் போய்விட்டது. மெதுவாகக் குனிந்து மாட்டின் கழுத்தைத் தடவினாள்.

"அவங்க இருந்தப்போ இது எப்படி இருக்கும் ஐயா?"

பால்காரர் முகத்தில் வெகு நாளைக்கு முந்திய சிரிப்பு ஒன்று வந்தது.

"அவ திட்டிக்கிட்டேதாம்மா கறப்பா. உன் அப்பன் வீட்டுத் தவிடான்னு கேப்பா. இப்போ திட்டு இல்லாம இது பாலே இறக்க மாட்டேங்குது. நானும் திட்டிப் பாத்துட்டேன். அவ குரல் எனக்கு வரல."

சொல்லிவிட்டு மாட்டின் முதுகில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டார். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் குழாயடிக்குப் போனார்.

பாவம் வயசான டாக்டர், இத்தனை தூரம் அவர் ஏன் வெயிலில் அலைய வேண்டும் என்று நர்ஸ் நினைத்தாள். இனிமேல் தானே வந்து பார்த்துக்கொள்வதாகப் பால்காரரிடம் சொன்னாள்.

அவர் பதறிப்போனார். குழாயடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்களும் வாங்கம்மா, வேணாங்கல. ஆனா அவரை நிறுத்திடாதீங்க. மாட்டுக்கு ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியாதா? அவரோட ஒத்தைப் பொண்ணு கண் காணாத சீமைக்குப் போயிட்டா. அதுலேருந்து வீட்டுக்குப் போகவே மனசில்லாம ஆஸ்பத்திரியிலயே உக்காந்திருக்கார். சும்மா வாங்கன்னா வர மாட்டார். அதான் மாட்டைச் சாக்கு வெச்சுக் கூப்பிடுறேன்."

பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றது. பால்காரர் அவசரமாகச் சொல்லி முடித்தார்.

"எனக்காவது இது இருக்கு. அவர் வீட்டுல பேச்சுத் துணைக்கு ஒரு மாடுகூட இல்லம்மா."