புடவைக்குள் தெரியாதது

ஆசிரியர்கள் அனைவரும் வகுப்பில் துப்பாக்கி வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்த வாரம், ஒன்றாம் வகுப்பு ஜெசிந்தா டீச்சர் நாகர்கோவிலில் ஒரு துப்பாக்கிக் கடையில் வியர்த்துப்போய் நின்றாள்.

"மெலிசா ஒண்ணு காட்டுங்க. பிள்ளைங்க கண்ணுல படக்கூடாது."

கடைக்காரர் உள்ளங்கை அகலத்தில் ஒன்றை எடுத்து வைத்தார். "இடுப்புல செருகினா புடவைக்கு மேல துருத்தாது டீச்சர். அவசரத்துல மக்கர் பண்ணாது, நம்பி வாங்கலாம்."

"தானா வெடிச்சிராதே?"

"இதுவரைக்கும் யாரும் வந்து சொன்னதில்ல."

அந்தப் பதிலில் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் வாங்கினாள்.

மறுநாள் காலை அவள் வகுப்புக்குள் நுழைந்ததும், தினமும் செய்வதுபோல அஃப்ரின் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்ளக் கைகளை விரித்தாள். ஜெசிந்தாவுக்கு உயிரே போய்விட்டது.

"கிட்ட வராதே!" என்று அலறிப் பின்வாங்கியதில், கரும்பலகையில் அவள் முதுகு மோதியது.

வகுப்பு அடங்கிப்போனது. அஃப்ரின் அழவில்லை. தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து பக்கத்துச் சிறுமியிடம் மெல்லச் சொன்னாள்.

"டீச்சருக்கு நம்மளக் கண்டா பயம்டி."

இல்லை என்று சொல்லி அவளைத் தூக்கிக்கொள்ள ஜெசிந்தா துடித்தாள். ஆனால் இடுப்பைப் பொத்திய கை அங்கிருந்து வரவில்லை.