ஏழாம் இலக்கச் சட்டை

லண்டன் ஹவுன்ஸ்லோ தேநீர்க்கடையில் அன்றும் அதே சண்டை. தமிழ்க் கழகத்தின் பழைய கோல் மன்னன் நிரோஜன் உதைபந்தாட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டான். அவனுடைய ஏழாம் இலக்கச் சட்டையைக் கழகச் சுவரில் மாட்டலாமா, கூடாதா?

"மாட்டத்தான் வேணும்! மூண்டு கப் அவனாலதான் வந்தது," என்றான் யதுசன்.

"மண்ணாங்கட்டி! பந்து கிடைச்சால் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டான்," என்றார் பாலேந்திரா.

பக்கத்து மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். "கோபக்காரனோ?"

"அஞ்சு றெட் கார்ட், அண்ணை! விசில் ஊதின றெபறிக்கே அடிக்கப் போனவன்," என்றார் பாலேந்திரா.

"கழகத்துக்காவது விசுவாசமா இருந்தவரோ?"

"வளர்த்த கழகத்தை விட்டிட்டு எதிரணிக்குப் பாய்ஞ்சவன். ஒரு இடத்தில நிலைச்சு நிக்கிற ஆளில்லை."

"நல்லது. உங்களில பாலேந்திரா ஆர்?"

"நான்தான்!" அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"என்ர மகளை நிரோஜனுக்குக் கேட்டு வந்திருக்கினம். 'பொடியனைப் பற்றி இவரிட்ட விசாரியுங்கோ' எண்டு மாப்பிள்ளை பகுதி தந்தது உங்கட பேரைத்தான்."

பாலேந்திரா மெல்ல யதுசன் பக்கம் திரும்பினார்.

"டேய், அந்தச் சட்டையை மாட்டத்தான் வேணுமடா!"