மேலிருந்து பார்த்த ஊர்

"இந்தத் தெருவும் இல்லையா?"

கேட்ட கணவரை மனைவி முறைத்தாள். இதே துறைமுக நகரத்தில் பதினோரு வருஷம் கிரேன் ஓட்டியவர், மூன்றாவது ஆளிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஊரையே நான்தான் கட்டினேன்னு பீத்திக்கிட்டீங்க. இப்போ முழிக்கிற முழியைப் பாரு!"

அவர் சிரித்து மழுப்பினார்.

இருபக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள். ஒன்று பாய்மரம் போல வளைந்து நின்றது. அதன் மேல் மேகம் நகர, கட்டடமே மெல்லக் கடலுக்குள் மிதந்து போவது போலிருந்தது. கொஞ்ச நேரம் அவளுக்குக் கோபம்கூட மறந்துபோனது.

ஒருவழியாக அந்தக் கடலோர ஹோட்டல் வந்தது. வரிசையாக வெள்ளைக் குடைகள். தினமும் மத்தியானம், சொந்த ஊரில் இருந்த அவளிடம் போனில் அவர் நாக்கில் எச்சில் ஊறச் சொன்ன இடம்.

"தூண் ஓரமா உங்க மேசைன்னு சொல்வீங்களே, எங்கே?"

அங்கே தூணே இல்லை.

சர்வர் வந்தார்.

"வெண்ணெயில பொரிச்ச மீன், ரெண்டு தட்டு."

"அது இங்க எப்பவுமே கிடையாது சார். சுட்ட மீன்தான். முதல் தடவையா வர்றீங்களா?"

அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

சர்வர் நகர்ந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ பதினோரு வருஷமா எங்கே சாப்பிட்டீங்க? யார் கையால சாப்பிட்டீங்க?"

அவர் பாய்மரக் கட்டடத்தின் உச்சியைக் காட்டினார்.

"அதோ, அந்த உயரத்துலதான் என் கிரேன். விடியறதுக்கு முன்னாடி பஸ்ல கொண்டுவந்து இறக்குவாங்க. ஏறினா இருட்டினப்புறம்தான் இறங்குவேன். தெருவை எங்கே பார்த்தேன்? மத்தியானம் அங்கேயே காஞ்ச ரொட்டியும் தண்ணியும். கீழே இந்தக் குடைங்க தெரியும். மீனு, மேசை, தூணு எல்லாம் நானா சேர்த்துக்கிட்டது."

"காஞ்ச ரொட்டின்னு சொன்னா கௌரவம் குறைஞ்சுடுமோ? கட்டின பொண்டாட்டிகிட்டயே தினம் ஒரு புளுகா?"

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வயித்துல பிள்ளையோட இருந்தப்பகூட, நான் வயிறாரச் சாப்பிட்டேன்னு காதால கேட்டப்புறம்தானே நீ தட்டுல கை வெச்சே?"